பெங்களூரில் செல்போன் அபராதம்: பணம் கட்டுவதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூர் வருகிறவர்கள் பலரும் ஊரில் ஓட்டிய டி.என். நம்பர் வண்டியையே இங்கும் ஓட்டுகிறார்கள். நோட்டீஸ் வந்தால் "போனால் போகிறது" என்று உடனே ஜிபேயில் கட்டிவிட்டு மறந்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. மற்ற அபராதங்களில் அது ஓரளவுக்குச் சரி. வண்டி ஓட்டிக்கொண்டே செல்போன் பயன்படுத்தியதாக வரும் அபராதத்தில் அப்படிச் செய்யாதீர்கள். பணம் கட்டிய பிறகும் அது உங்கள் கணக்கில் முதல் குற்றமாக நிற்கும். மூன்று வருடத்துக்குள் இன்னொன்று வந்தால் தொகை 10,000. லைசென்ஸ் மீதும் தனியாக நடவடிக்கை வரலாம். அதனால் எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தில் கை வையுங்கள்.

1. எது குற்றம் என்று முதலில் தெளிவாகுங்கள்

இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், அதாவது ஆபத்தாக ஓட்டுவது என்ற தலைப்பின் கீழ் வருகிறது. சட்டம் சொல்வது "கையில் பிடித்துப் பயன்படுத்தும் தகவல் தொடர்புக் கருவி". காதில் வைத்துப் பேசுவது மட்டும் இதில் அடங்குவதில்லை. ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு அருகில் பிடிப்பது, வாட்ஸ்அப் பார்ப்பது, கையில் போனை வைத்துக்கொண்டு டெலிவரி ஆர்டரை ஏற்பது எல்லாமே இதற்குள்தான்.

மேப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2020 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின்படி வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் கலையாத விதத்தில். அதற்கு ஹேண்டில்பாரிலோ டேஷ்போர்டிலோ ஒரு ஹோல்டர் போதும். முகவரியை வண்டி எடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். இடது கையில் போனைப் பிடித்து மேப் பார்த்துக்கொண்டே போனால், மேப்தான் பார்த்தேன் என்ற பதில் உதவாது. கேமராவில் விழுவது கையும் போனும்தான். திரையில் என்ன ஓடியது என்பது அதில் தெரியாது.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். கை ஹேண்டில்பாரில்தானே இருக்கிறது என்ற வாதம் எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள். அதைவிட முக்கியம், போன் அழுத்தும் பக்கம் ஹெல்மெட் சரியாக உட்காராது, விழுந்தால் தலையைக் காக்காது. காரின் ப்ளூடூத்தில் பேசுவது "கையில் பிடித்து" என்ற வார்த்தைக்குள் நேரடியாக வராது. ஆனாலும் கவனம் சிதறித் தாறுமாறாக ஓட்டினால் அதே 184-வது பிரிவின் பொதுப் பகுதி இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது? சில்க் போர்டு ஜங்ஷனில் சிவப்பு விளக்கு நீண்டு நிற்கும்போது போனை எடுக்கத் தோன்றுவது இயல்பு. அங்கேதான் கேமராவும் இருக்கிறது, போலீஸும் நிற்கிறது. இன்ஜின் ஓட, சாலை நடுவில், ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரை ஓட்டுகிறவராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவசர அழைப்பு என்றால் ஓரத்தில் நிறுத்தலாம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

2. தொகை

கர்நாடக அரசு 2019 செப்டம்பரில் குறைத்து அறிவித்த கணக்கு இது. முதல் முறை டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் 1,500 ரூபாய், காருக்கு 3,000, லாரி, பஸ் போன்றவற்றுக்கு 5,000. இரண்டாவது முறையிலிருந்து எல்லா வண்டிக்கும் 10,000.

இந்த இரண்டாவது முறை என்பதில்தான் ஏமாந்துபோகிறார்கள். முந்தைய குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதே வகைக் குற்றம் மறுபடி நடந்தால் அது இரண்டாவது. முதல் தடவை கோர்ட்டுக்கே போகவில்லை, இடத்திலேயே சமரசமாகக் கட்டிவிட்டேன் என்றாலும் அது கணக்கில் சேரும். சட்டத்தின் 200-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 184-வது பிரிவின் முழு வீச்சும் உண்டு. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். இதே குற்றத்தைச் சட்டத்தை அமல்படுத்த வேண்டிய அதிகாரி செய்தால் 210-பி பிரிவின்படி அவருக்கு இரட்டிப்பு அபராதம்.

3. ஆர்.சி.யில் இருக்கும் போன் நம்பரைச் சரிசெய்யுங்கள்

நோட்டீஸ் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. 2022 டிசம்பரில் பெங்களூரின் 50 ஜங்ஷன்களில், நம்பர் பிளேட்டைப் படிக்கும் 250 கேமராக்களும் சிக்னல் மீறலைப் பிடிக்கும் 80 கேமராக்களும் கொண்ட அமைப்பு தொடங்கப்பட்டது. ஹெல்மெட், சீட் பெல்ட், மூன்று பேர் சவாரி ஆகியவற்றோடு செல்போனையும் அது பிடிக்கிறது. இது தவிர, ஜங்ஷனில் நிற்கும் போலீஸாரும் படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள், விசில் ஊத மாட்டார்கள். பிளேட்டைப் படித்து, ஆர்.சி.யில் பதிவான போன் நம்பருக்கு எஸ்.எம்.எஸ். போகும்.

அந்த நம்பர் யாருடையது? ஊரில் வண்டி எடுத்தபோது ஷோரூம்காரர் போட்ட நம்பராக இருக்கலாம், அப்பாவுடையதாக இருக்கலாம், எப்போதோ கைவிட்ட சிம்மாகவும் இருக்கலாம். எஸ்.எம்.எஸ். உங்களுக்கு வராது. நோட்டீஸ் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். ஒரே நாளில் இரண்டு ஜங்ஷனில் விழுந்தால் இரண்டு நோட்டீஸ். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கவோ வண்டியை விற்கவோ போகும் நாளில்தான் மொத்தமும் கண்ணில் படும்.

மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகனில் வாகனச் சேவைகள் பகுதிக்குப் போய் நம்பரை மாற்றலாம். வண்டி நம்பர், சேஸிஸ் நம்பரின் கடைசி இலக்கங்கள், ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்கள், ஆதாரில் இணைத்த போன் ஆகியவை கையில் இருக்கட்டும். ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் ஆன்லைனில் இழுத்தடிக்கும். இனிஷியல் முன்னால், பின்னால் என்று நம் பெயர்களில் இது அடிக்கடி வரும் தொல்லை. அப்படியானால் வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போக வேண்டியிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முடித்துவிடுங்கள். லைசென்ஸில் உள்ள முகவரியையும் பாருங்கள். அதை மாற்றச் சட்டப்படிக் கட்டணம் 200 ரூபாய், கார்டுக்குத் தனி. லைசென்ஸ் தொடர்பான நோட்டீஸ் அந்த முகவரிக்குத்தான் வரும் என்பதால் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

4. வந்த மெசேஜ் உண்மையானதா?

வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம், படத்தைப் பார்க்க இந்த ஆப்பை நிறுவுங்கள்" என்று ஒரு ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடாதீர்கள். போக்குவரத்துத் துறையோ போலீஸோ ஏ.பி.கே. அனுப்புவதில்லை. அதை நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ்.களும் ஓ.டி.பி.களும் மோசடிக்காரர் கைக்குப் போகும், பிறகு வங்கிக் கணக்கு காலியாகும். மெசேஜில் வண்டி நம்பர் சரியாகவே இருக்கலாம். அதை வைத்து நம்பிவிடாதீர்கள்.

மெசேஜில் உள்ள லிங்க்கை அழுத்தாமல் நீங்களே தளத்துக்குப் போங்கள். பெங்களூர் போக்குவரத்துப் போலீஸ் தளம், மாநில அரசுச் சேவைகளுக்கான கர்நாடகா ஒன் தளம், பரிவாகன் இ-செலான் தளம் மூன்றுமே "கவ் டாட் இன்" என்று முடியும். வண்டி நம்பரைப் போட்டால் நிலுவை தெரியும். ஒரு தளத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால் மற்றதிலும் பாருங்கள்; எல்லாப் பதிவும் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தெரிவதில்லை.

5. படத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நோட்டீஸைத் திறந்து, படத்தைப் பெரிதாக்கி, கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் நம்பர் பிளேட். கேமரா பிளேட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. 8-ஐ பி என்றும், 0-வை டி என்றும் படிப்பது அதற்குச் சாதாரணம். பிளேட்டில் சேறு, வளைவு, அலங்கார எழுத்து இருந்தால் இன்னும் மோசம். படத்தில் கண்ணுக்குத் தெரியும் நம்பரும் நோட்டீஸில் அச்சான நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அடுத்து வண்டி. பிளேட் உங்களுடையதாகவே இருக்கும், வண்டி வேறாக இருக்கும். உங்களுடையது ஸ்கூட்டர், படத்தில் பைக். அப்படியென்றால் யாரோ உங்கள் நம்பரைத் தங்கள் வண்டியில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். இதை அபராதப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், அன்றே போலீஸில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த வண்டி நாளைக்கு ஒரு விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு.

மூன்றாவது, கை. போன் தெரிகிறதா, இல்லை கை மட்டும் காதருகில் இருக்கிறதா? ஹெல்மெட் வார் சரிசெய்வது, காதைச் சொறிவது, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிக்னலுக்குக் காத்திருப்பது எல்லாம் ஒரே ஒரு படத்தில் பேசுவது போலவே தெரியும். காரில் பக்கத்து இருக்கைக்காரரின் கையிலுள்ள போனும் கோணத்தால் ஓட்டுநருடையது போலத் தெரியலாம். பயணி போன் பேசுவது குற்றமில்லை.

நான்காவது, தேதி, நேரம், இடம். அன்றைக்கு வண்டி எங்கே இருந்தது? சர்வீஸ் சென்டரில் இருந்ததா, பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்ததா?

கேமரா நோட்டீஸ் பற்றி மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ சொல்வது இது: குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், மீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். படமே இல்லை, அல்லது மங்கல் என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பார்த்த உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. தவறாக வந்திருந்தால்

பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகவே ஆகும், பிறகு அதை மாற்றுவது மிகவும் கடினம். கட்டாமல் மறுப்பைத் தாக்கல் செய்யுங்கள்.

போக்குவரத்துப் போலீஸின் தளம் வழியாகவோ, நோட்டீஸில் உள்ள எல்லைக்குரிய டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனிலோ, இன்ஃபென்ட்ரி ரோட்டில் உள்ள போக்குவரத்து மேலாண்மை மையத்திலோ மறுப்பைக் கொடுக்கலாம். நேரில் போவதென்றால் காலையில் போங்கள். மாலை நெரிசல் நேரத்தில் அதிகாரிகள் ரோட்டில் நிற்பார்கள். எடுத்துப் போக வேண்டியவை:

- நோட்டீஸ் பிரிண்ட், படத்தின் பெரிதாக்கிய பிரிண்ட்
- ஆர்.சி. நகலும் அசலும்
- லைசென்ஸ் நகல்
- உங்கள் வண்டியை அதே கோணத்தில் எடுத்த படம், முன்னும் பின்னும் பிளேட் தெரியும்படி
- அன்று வண்டி வேறு இடத்தில் இருந்ததற்குச் சான்று: சர்வீஸ் ஜாப் கார்டு, ஃபாஸ்டாக் டோல் பதிவு, பார்க்கிங் ரசீது
- ஒரு பக்கத்தில் எழுதிய மனு, இரண்டு பிரதி

மனு ஆங்கிலத்தில் இருக்கலாம், கன்னடத்தில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் கேட்டால் நாலு வரி எழுதித் தருவார்கள். கதை வேண்டாம். "நோட்டீஸ் எண் இன்னது, படத்தில் உள்ள வண்டி கறுப்பு பைக், என்னுடையது நீல ஸ்கூட்டர், ஆர்.சி. இணைத்துள்ளேன், நீக்கும்படி கேட்கிறேன்" என்ற அளவு போதும். இரண்டாவது பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருங்கள். ஸ்டேஷனில் "சரிசெய்துவிடுகிறோம்" என்று சொல்வது போதாது, பதிவிலிருந்து போனால்தான் போனது.

7. சரியாகத்தான் வந்திருக்கிறது என்றால்

கட்டிவிடுங்கள். தளங்களில், கர்நாடகா ஒன், பெங்களூர் ஒன் மையங்களில், டிராஃபிக் ஸ்டேஷனில் கட்டலாம். ரசீதை பி.டி.எஃப்.பாகச் சேமியுங்கள். பணம் போய்விட்டது, நிலுவை மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் உடனே மறுபடி கட்டாமல், பரிவர்த்தனை எண்ணை வைத்து இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

பாதித் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. 2023 பிப்ரவரியிலும், 2025-இல் ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 12 வரையிலும் அரசு அப்படி அறிவித்தது உண்மைதான். ஆனால் அதற்கு நிச்சயமான காலம் எதுவும் இல்லை. இடையில் போலீஸ் எங்கே நிறுத்தினாலும் அவர்கள் கையிலுள்ள கருவியில் மொத்த நிலுவையும் காட்டும். பாதி கட்டினாலும் முதல் குற்றம் முதல் குற்றம்தான்.

கட்டாமலே விட்டால் வழக்கு கோர்ட்டுக்குப் போகலாம். அதன்பின் போலீஸ் தளத்தில் கட்ட முடியாமல் போகலாம். இணைய நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் "வி-கோர்ட்ஸ்" தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் வழக்கு வரும். அபராதத்தை ஏற்கிறேன், வழக்காடுகிறேன் என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கும். வழக்காடுகிறேன் என்பதை அழுத்தினால் சாதாரண நீதிமன்றத்துக்கு மாறும், தேதிக்கு நேரில் போக வேண்டும். கையில் உறுதியான சான்று இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். சம்மன் வந்தால் எக்காரணம் கொண்டும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

8. ரோட்டில் நிறுத்தினால்

காகிதம் பார்ப்பதற்காக மட்டும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று 2022-இல் கர்நாடகப் போலீஸ் தலைமை உத்தரவிட்டது. ஆனால் கையில் போன் என்பது கண்ணுக்குத் தெரியும் மீறல், அதற்கு நிறுத்தலாம். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ஓட்டிக்கொண்டு போய்விட்டால் இன்னொரு குற்றம் சேரும்.

இடத்தில் அபராதம் வாங்குகிறவர் அசிஸ்டண்ட் சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். தோளில் உள்ள நட்சத்திரத்தைப் பாருங்கள். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள லைசென்ஸும் ஆர்.சி.யும் சட்டப்படி செல்லும்; கேலரியில் உள்ள போட்டோ செல்லாது. பணம் கொடுத்தால் கருவியிலிருந்து ரசீது வர வேண்டும். ரசீது இல்லாமல் "ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போங்க சார்" என்றால் கொடுக்காதீர்கள், நோட்டீஸாகவே போடச் சொல்லுங்கள். உடனே பணம் இல்லையென்றாலும் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாம். கன்னடம் தெரியாது என்பதை மரியாதையாகச் சொன்னால் போதும். பெங்களூர்ப் போலீஸில் தமிழ் புரிகிறவர்களும் உண்டு. குரலை உயர்த்துவதால் ஒரு ரூபாய் குறையாது.

9. லைசென்ஸ்: பலர் எதிர்பார்க்காத பகுதி

184-வது பிரிவுக் குற்றம் என்று கருதினால் 206(4) பிரிவின் கீழ் அதிகாரி லைசென்ஸை எடுத்து லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்பலாம். அதற்கு ஓர் ஒப்புகைச் சீட்டு தருவார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஓட்டக்கூடாது. லைசென்ஸ் திரும்ப வரும்வரை அந்தச் சீட்டு ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. அபராதம் கட்டியதால் இந்த நடவடிக்கை நின்றுவிடாது என்றும் 200-வது பிரிவில் இருக்கிறது.

அடுத்து 19-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ.விலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். உங்களைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. குறித்த நாளில் நோட்டீஸ், அபராத ரசீது, அடையாள அட்டை, எழுத்துமூல விளக்கத்தோடு போங்கள். போகாவிட்டால் உங்கள் பக்கம் பதிவாகாமலே உத்தரவு வரும். முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தடை, அடுத்ததற்கு லைசென்ஸ் ரத்து. தடை முடிந்ததும் லைசென்ஸ் தானாகத் திரும்பாது, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும். உத்தரவு தவறு என்றால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

தடைக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். தடை விவரம் இணையப் பதிவில் ஏறிவிடுவதால் மறைக்க வழியில்லை. டாக்ஸி, டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாத வருமானம். இவர்களுக்குத்தான் போன் ஓயாமல் அடிக்கிறது. ஆர்டரை ஏற்பதை வண்டி நின்ற பிறகு செய்ய நேரம் தராத ஆப்களும் இதில் பங்காளிகள் என்பது என் கருத்து. ஆனால் நோட்டீஸ் வருவது ஓட்டுகிறவர் பெயருக்குத்தான்.

விபத்து நடந்துவிட்டால் இது அபராத விஷயமாகவே இருக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவும், உயிர் போனால் ஐந்து வருடம் வரை சிறை தரும் 106(1)-வது பிரிவும் வரும். அந்த நிமிடத்தில் பேசிக்கொண்டிருந்தீர்களா என்பதை அழைப்புப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

10. வண்டி உங்களுடையது, ஓட்டியவர் வேறொருவர்

நோட்டீஸ் உரிமையாளருக்கு வரும். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் பெயரும் லைசென்ஸ் விவரமும் சொல்ல வேண்டியது 133-வது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. அறை நண்பர் எடுத்துப் போன வண்டி என்றால் உடனே எழுத்துமூலம் சொல்லுங்கள். சும்மா இருந்து பணம் கட்டினால் அந்த முதல் குற்றம் உங்கள் பேரில் ஏறும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பையன் என்றால் 199-ஏ பிரிவு வரும். பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, 12 மாதத்துக்கு வண்டிப் பதிவு ரத்து.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டி நம்பரை மேலே சொன்ன மூன்று தளங்களிலும் போட்டுப் பாருங்கள். நிலுவை இருந்தால் விற்பவர் கட்டி ரசீது தந்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். நிலுவையோடு பெயர் மாற்றமும் வேறு மாநிலத்துக்கான என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) நின்றுபோகலாம். விற்கிறீர்கள் என்றால் படிவம் 29, 30 இரண்டையும் தாக்கல் செய்து, ஆர்.சி.யில் பெயர் மாறியதை நீங்களே தளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். "நான் மாத்திக்கிறேன் சார்" என்று புரோக்கர் சொன்னதை நம்பி விட்டுவிட்டால், வாங்கியவர் ஹெப்பாள் மேம்பாலத்தில் போன் பேசியதற்கான எஸ்.எம்.எஸ். உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். வண்டி கொடுத்த அன்றே தேதி, மணி, வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு டெலிவரி நோட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறும்வரை வரும் நோட்டீஸை மறுக்க அதுதான் உங்களிடம் இருக்கும் சான்று.